இரண்டு கோடுகளுக்கு நடுவே

ஹைட்ரஜனின் வெளிச்சத்தை அளப்பதிலேயே ஹில்டா மொத்தாவின் இருபத்துமூன்று வருஷங்கள் போயிருந்தன. அது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அல்ல. புற ஊதாவிலும் கடைக்கோடியில் இருப்பது. வெளியே விட்டால் காற்றே அதை விழுங்கிவிடும். அதனால் பத்து மீட்டர் நீளமுள்ள ஓர் இரும்புக் குழாயிலிருந்து காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, ஒரு முனையில் விளக்கும் மறுமுனையில் உணர்கருவியும் பொருத்தி, விளக்குக்குள் துளி ஹைட்ரஜனை விடுவாள். எலக்ட்ரான்கள் மோதியதும் வாயு ஒளியை உமிழும். அந்த ஒளி கோடு கோடாகப் பிரிந்து நீளமான காகிதச் சுருளில் பதியும். இரண்டே அணுக்கள் கைகோத்த மூலக்கூறு. கோடுகளோ இருபதாயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் அவள் எண் கொடுத்து, இடம் குறித்து, எண்ணூறு பக்கத்தில் ஓர் அட்டவணைப் புத்தகம் போட்டாள். பல்கலைக்கழகம் நாற்பது பிரதிகள் அச்சிட்டது. அதில் முப்பத்தொரு பிரதிகள் கட்டுப் பிரிக்காமல் கிடங்கிலேயே கிடந்தது அவளுக்குத் தெரியும்.

பிறகு அடுத்தடுத்து நான்கு வருஷம் மழை பொய்த்தது. பல்கலைக்கழகத்தை மூடினார்கள். கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. தூத்துக்குடியில் இருந்த வீட்டுக் கிணற்றில் கடல் புகுந்துவிட்டது. போக்கிடம் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கயத்தாற்றிலிருந்து ஒரு லாரி வந்து, அவளையும் அவளுடைய இரும்புக் குழாயையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனது.

கயத்தாற்றில் காற்றாலைகளுக்கு நடுவே விதை வளாகம் இருந்தது. தென் மாவட்டங்களுக்கென்று மிஞ்சியிருந்த நெல் விதை முழுவதும் அங்கேதான். சுற்றிலும் வேலி. உள்ளே ஐந்நூறு குடும்பங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் சிறு வயல்களை நனைத்து, வருஷம் தவறாமல் விதையைப் புதுப்பித்து வைப்பது அவர்கள் வேலை. அதற்குக் கூலியாகக் குடும்பத்துக்கு மூன்று குடம் தண்ணீரும் கிழங்கு மாவும். நெல்லை அவர்கள் கண்ணால் பார்க்கலாம், கையால் அள்ளலாம், வாயில் போடக்கூடாது.

சிறப்பு அலுவலர் திருமலைக்கொழுந்து அவளைக் களத்துமேட்டில் நின்று வரவேற்றார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் சின்ன லென்ஸ் ஒன்று வைத்திருந்தார், நெல்மணி பார்க்க.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. ஒருத்தன் ஊதுன மூச்சை வச்சு அவன் என்ன தின்னான்னு சொல்ல முடியுமா?"

ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. "என்ன வேணும்னாலும் தின்னலாம், எனக்குத் தெரியாது. ஆனா மூச்சுல ஹைட்ரஜன் இருக்கும். குடல்ல இருக்கிற கிருமிங்க உண்டாக்குறது. அதை என் விளக்குல விட்டா, சாதா ஹைட்ரஜனா, இல்ல கன ஹைட்ரஜன் கலந்ததான்னு சொல்லிருவேன்."

"கன ஹைட்ரஜன்னா?"

"அதே ஹைட்ரஜன்தான், எடை ரெண்டு மடங்கு. மூலக்கூறுல ஒரு அணு கனமானதா இருந்தா அது அதிர்ற வேகம் குறையும். கோடுங்க இடம் மாறி விழும். சாதாவுக்கு ஒண்ணுமே இல்லாத வெள்ளை இடத்துல ஒரு கோடு வந்து உக்காரும்."

"அப்போ நம்ம வயல்ல கனநீரைக் கலந்து பாய்ச்சினா, நெல்லுல அந்த அடையாளம் ஏறிரும். தின்னவன் மூச்சுல தெரியும்." அவர் ஏற்கெனவே யோசித்து முடித்திருந்தார். கடற்கரையில் மூடிக் கிடந்த ஒரு நிலையத்திலிருந்து கனநீர்ப் பீப்பாய்களும் வந்து இறங்கியிருந்தன.

"திருட்டு நடக்குதா?"

"போன வருஷம் ஒன்பது மூட்டை குறைஞ்சுச்சு மேடம். இப்படியே போனா மழை வர்ற அன்னிக்கு விதைக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது. ஐந்நூறு குடும்பத்துக்காகச் சொல்லல, அஞ்சு மாவட்டத்துக்காகச் சொல்றேன்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஹில்டா ஒப்புக்கொண்டாள். அறுபது பக்க அறிக்கை ஒன்றும் எழுதிக் கொடுத்தாள். பழைய வழக்கப்படி நாற்பத்தொன்றாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒரு குறிப்பும் போட்டாள். கிருமிகள் உண்டாக்கும் ஹைட்ரஜன் உடம்பிலுள்ள தண்ணீரோடும் அணுக்களை மாற்றிக்கொள்ளும். வயலில் பாயும் நீரையே ஒருவர் குடித்தாலும் அதே கோடு விழும். நெல்லால் வந்த கோடு இரண்டு நாளில் மறையும், நீரால் வந்தது வாரக்கணக்கில் நிற்கும். ஆகவே மூன்று நாள் கழித்து மறுபடி ஊதச் சொல்வது நல்லது. எழுதியதோடு அவள் அதை மறந்துவிட்டாள். பாசி படிந்து, உரம் கரைந்து, பச்சையாக நிற்கும் அந்த வாய்க்கால் தண்ணீரை யார் குடிக்கப் போகிறார்கள்?

கனநீர் பாய்ச்சிய முதல் அறுவடை கிடங்குக்கு வந்ததும், செவ்வாய்க்கிழமைதோறும் ஊத வேண்டும் என்று ஆனது. காலையில் கொட்டகையின் பெரிய கதவுகளைத் திறந்து வைப்பார்கள். வீட்டுக்கு ஒருவர் வரிசையில் வந்து ரப்பர் பையில் ஊதுவார்கள். மூச்சைக் குளிரவைத்து ஈரத்தை நீக்கி, ஹைட்ரஜனை மட்டும் உள்ளே விடும் உலோகச் சிமிழ் வழியாக விளக்குக்கு அனுப்புவாள் ஹில்டா. சுருள் நகரும். 4117, 4118 என்று அவள் எண்ணிட்ட இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான் பார்க்க வேண்டும். அங்கே வெள்ளையாக இருந்தால் "இல்லை" என்பாள். ஆளைப் போகச் சொல்வார்கள்.

முதல் ஏழு வாரம் எல்லோருக்கும் இல்லைதான்.

அந்த நாட்களில் திருமலைக்கொழுந்து சாயங்காலம் நான்கு மணிக்கு ஒரு ஃபிளாஸ்க்கில் சுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வருவார். சுருளை மேசைமேல் விரித்து, தன் லென்ஸை வைத்துக்கொண்டு, எந்தக் கோடு எது என்று கேட்பார். ஒருமுறை சொன்னால் போதும், மறக்கமாட்டார். ஒரு மாதத்தில் அவள் துணையில்லாமலே 4117-ஐக் கண்டுபிடித்துவிட்டார். "கோடு கொஞ்சம் தடிச்சிருக்கே, அழுத்தம் கூடிருச்சா மேடம்?" என்று அவர் கேட்ட அன்று ஹில்டா தன் அறைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாள். இருபத்துமூன்று வருஷத்தில் யாரும் அவளிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

எட்டாவது வாரம் முதல் கோடு விழுந்தது. மூட்டை தைக்கும் ஒருவர். "இருக்கு," என்றாள் ஹில்டா. வளாகச் சட்டப்படி அன்றைக்கே குடும்பத்தோடு வேலிக்கு வெளியே அனுப்பினார்கள். வெளியே முப்பது கிலோமீட்டருக்குத் தண்ணீர் கிடையாது. அவர் மனைவி தலையில் ஒரு பாயை வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ஹில்டாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் விதைநெல்லைத் தின்றவர்கள்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் ஐந்து குடும்பங்கள் போயின. இப்போதெல்லாம் கிடங்கில் ஒரு பிடி நெல்கூடக் குறைவதில்லை என்று அலுவலர் களத்தில் நின்று அறிவித்தார்.

ஏழாவதாக மாட்டியவள் பேச்சித்தாய். நாற்றங்காலில் களை எடுப்பவள். புருஷன் போன வருஷம் வயிற்றுப்போக்கில் இறந்துவிட்டான். எட்டு வயது மகள் மட்டும் இருந்தாள். மற்றவர்கள் எல்லாரும் கோடு விழுந்ததும் வாயடைத்து நின்றார்கள். பேச்சித்தாய் அப்படி நிற்கவில்லை. நேராக ஹில்டாவின் மேசைக்கு வந்து, இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, நான் நெல்லு திங்கல. சத்தியமாச் சொல்லுதேன், ஒரு மணி வாயில போடல."

"கோடு விழுந்திருக்கே..."

"வாய்க்காத் தண்ணி குடிச்சம்மா. எங்க பக்கம் மூணு கொடத்த ரெண்டாக் கொறச்சு ரெண்டு மாசமாச்சி. வெயில்ல நின்னு களை எடுக்கேன். பிள்ள தண்ணி தண்ணின்னு அழுவா, அவளுக்கு நல்லதக் குடுத்துட்டு நான் வாய்க்கால்ல அள்ளிக் குடிச்சேன். அதுக்கும் கோடு விழுமா? நீங்க படிச்சவுக, சொல்லுங்க. விழுமா, விழாதா?"

ஹில்டாவின் வாய் திறந்தது. திருமலைக்கொழுந்து கதவருகே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் நானூறு பேர் நின்றார்கள். நிச்சயமில்லாமல் ஒன்றைச் சொல்லிவிடக்கூடாது என்று பழகிய நாக்கு அது.

"நான் பாத்துச் சொல்லுதேன்," என்றாள் மெதுவாக.

பார்த்துச் சொல்வதற்கு நேரம் இருக்கவில்லை. நாலரை மணிக்கு வேலிக் கதவின் சங்கிலியை அவிழ்த்தார்கள். பேச்சித்தாய் மகளின் தலையில் ஈரத் துணியைப் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். வேலி ஓரமாக நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவர்களும் ஊத வேண்டியவர்கள்தான்.

மறுநாள் விடிந்ததும் ஹில்டா பழைய சுருள்களை எல்லாம் எடுத்துத் தரையில் விரித்தாள். வெளியே போன ஏழு பேரும் அதற்கு முந்தைய வாரங்களில் ஊதிய சுருள்கள் அவளிடம் பத்திரமாக இருந்தன. நெல்லைத் தின்றிருந்தால் கோடு ஒரே நாளில் முளைத்திருக்கும். அப்படி ஒன்றுகூட இல்லை. ஏழிலும் கோடு மூன்று நான்கு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருந்தது. முதல் வாரம் தூசு போல. அடுத்த வாரம் நரைமுடி போல. பிறகு கறுத்து, அவள் "இருக்கு" என்று சொல்லும் அளவுக்குத் தடித்திருந்தது. தினமும் குடித்துக் குடித்து உடம்பில் ஏறிய தண்ணீர் அது. ஏழு குடும்பங்களும் ஒரே பக்கத்தைச் சேர்ந்தவை. தண்ணீர் குறைக்கப்பட்ட பக்கம்.

சுருள்களை மார்போடு அணைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள்.

"ஒருத்தர்கூட நெல்லத் தின்னல! எல்லாருமே தண்ணி குடிச்சவங்க. ஜீப்பை அனுப்புங்க சார், இப்பவே அனுப்புங்க. பேச்சித்தாயி ரொம்பத் தூரம் போயிருக்க மாட்டா."

திருமலைக்கொழுந்து நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க மேடம்."

"உட்கார நேரமில்ல. தப்பு என்னுதுதான். மறுபடி ஊதச் சொல்லணும்னு அறிக்கையிலேயே எழுதியிருந்தேன், அதை நான் வற்புறுத்தியிருக்கணும்..."

"நாற்பத்தொண்ணாம் பக்கம். அடிக்குறிப்பு," என்றார் அவர்.

ஹில்டா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்க எழுதினதை முழுசாப் படிச்ச ஒரே ஆள் நான்தான்னு நினைக்கிறேன். அந்த எண்ணூறு பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்றேன்." அவர் குரலில் கேலி இல்லை. "மூணு வாரம் யாருக்கும் கோடு விழல. ஜனங்க சிரிக்க ஆரம்பிச்சிட்டாங்க. குழாய் பொய்யின்னு பேசிக்கிட்டாங்க. நாலாவது வாரம் ஒரு மூட்டை போச்சு. யாரையும் பிடிக்காத மிஷினுக்கு யாரு மேடம் பயப்படுவா? அதான் கிழக்குப் பக்கத்துக்கு ஒரு குடம் குறைச்சேன்."

"வேணும்னே செஞ்சீங்களா?"

"நெல்லு அன்னையிலிருந்து குறையல. நீங்களே பாத்தீங்க. ஏழு குடும்பம் போச்சு. அஞ்சு மாவட்டத்துக்கு விதை இருக்கு. கணக்குத் தப்புன்னா சொல்லுங்க."

"ஜீப்பை அனுப்புங்க."

"திரும்பக் கூட்டிட்டு வந்து என்னன்னு சொல்வேன்? மிஷினுக்குத் தண்ணியும் நெல்லும் ஒண்ணுதான்னு சொல்லவா? நாளைக்கே எல்லாரும் வாய்க்கால்ல வாயை நனைச்சிட்டு, கிடங்கைக் காலி பண்ணிடுவாங்க." அவர் எழுந்து, அவள் கையிலிருந்த சுருள்களை வாங்கி, கசங்காமல் ஒவ்வொன்றாகச் சுற்றி, அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "வெயில் ஏறுது. கொட்டகைக்குப் போங்க."

மூன்றாம் நாள் காற்றாலை பழுது பார்க்கப் போன ஜீப் ஓட்டுநர் திரும்பி வந்து சொன்னார். ஒன்பதாவது மைல் அருகே, நின்றுபோன ஒரு காற்றாலையின் அடியில் பேச்சித்தாய் உட்கார்ந்திருக்கிறாள். மகள் மடியில் இருக்கிறாள். துணியால் மூடி வைத்திருக்கிறாள். "தண்ணி குடுத்தேம்மா, வாங்க மாட்டேங்கா. பிள்ளயக் குடு தாயின்னேன், குடுக்க மாட்டேங்கா. நானும் எவ்வளவு நேரம் நிக்க..." மறுநாள் அந்தப் பக்கம் போகும்போது யாரும் அங்கே இல்லை என்றார்.

அன்றிலிருந்து ஹில்டா தன் பங்குக் குடத்தைத் தொடவில்லை. உச்சி வேளையில் எல்லோரும் நிழலுக்கு ஒதுங்கியதும், நாற்றங்காலைத் தாண்டிப் போய், வாய்க்காலில் குனிந்து கை நிறைய அள்ளிக் குடிப்பாள். முதல் நாள் வாந்தி எடுத்தாள். இரண்டாம் நாள் வயிற்றைப் பிசைந்தது. மூன்றாம் நாளிலிருந்து கசப்பு பழகிவிட்டது. பேச்சித்தாய்க்கும் இப்படித்தான் பழகியிருக்கும். அடுத்து வந்த செவ்வாயில் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று ஊதல் தள்ளிப் போடப்பட்டது. அதற்கடுத்த செவ்வாய் வந்தபோது அவள் பன்னிரண்டு நாள் குடித்திருந்தாள்.

கதவுகள் திறந்திருந்தன. வரிசை களம் வரைக்கும் நீண்டிருந்தது. ஹில்டா ரப்பர் பையை எடுத்தாள். முதல் ஆளைக் கூப்பிடாமல், தானே ஊதினாள். சிமிழைச் சூடாக்கினாள். விளக்கு எரிந்தது. சுருள் நகர்ந்து வந்தது. 4117-க்கும் 4118-க்கும் நடுவில், கண்மை தீட்டியது போல் அப்பட்டமாக ஒரு கோடு.

"இருக்கு," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி.

சுருளைத் தூக்கிக் காட்டினாள்.

"என் மூச்சுதான் இது. நான் நெல்லத் தின்னல. பன்னெண்டு நாளா வாய்க்காத் தண்ணி குடிச்சேன், அவ்வளவுதான். இந்த மிஷினுக்குத் தண்ணியும் நெல்லும் ஒண்ணுதான். நான் வெளிய அனுப்புன ஏழு பேரும் தாகத்துக்குத் தண்ணி குடிச்சவங்க. யாரும் திருடல. நான்தான் இருக்குன்னு சொன்னேன். இப்ப எனக்கும் இருக்கு. என்னையும் அனுப்புங்க."

வரிசையின் முன்னால் நின்ற ஒரு பெண் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். முத்துக்கனி என்று பெயர். முதலில் அனுப்பப்பட்ட மூட்டை தைப்பவரின் தங்கை.

"அப்ப எங்க அண்ணன்... அவன் திங்கலியாம்மா?"

"இல்லம்மா. அவரு தின்னல."

பின்னால் ஒரு முணுமுணுப்பு கிளம்பி, வரிசை முழுக்கப் பரவி, களத்தைத் தொட்டது. யாரோ ஓர் ஆள் கையை ஓங்கி எதையோ கத்தினான். கூட்டம் வரிசையை விட்டு நகரத் தொடங்கியது.

திருமலைக்கொழுந்து அவசரப்படாமல் வந்தார். அவர் வழியில் நின்றவர்கள் பழக்கத்தில் ஒதுங்கினார்கள். மேசைக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து, சுருளின் மேல் குனிந்தார். சரியான இடத்தில்தான் வைத்தார். ஹில்டா அவர் கண்ணையே பார்த்தாள். கறுத்துத் தடித்த கோடு லென்ஸுக்குள் பெரிதாகத் தெரிந்தது. இதை எப்படி மறைக்க முடியும்?

நிமிர்ந்தார்.

"இல்லையே மேடம்."

ஹில்டாவுக்கு முதலில் விளங்கவில்லை. "என்னது?"

"கோடு இல்லையே." கூட்டத்தின் பக்கம் திரும்பினார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "டாக்டரம்மாவுக்கு உடம்பு முடியல. பத்து நாளாச் சாப்பிடறதில்ல, நாங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். பேச்சித்தாயி பிள்ள போன துக்கம் அவங்களைப் பிடிச்சிருச்சு. பாவம், நல்ல மனசு. இந்தா, யாரு வேணும்னாலும் வந்து பாருங்க. மறைக்க ஒண்ணும் இல்ல."

சுருளை நீட்டினார். பிறகு முத்துக்கனி வந்தாள். லென்ஸை வாங்கி, கண்ணுக்கு அருகில் வைத்து, தூர வைத்து, சுருளை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"இங்க பாரும்மா," ஹில்டா விரலால் காட்டினாள். "இந்தக் கோட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும் நடுவுல. இது இருக்கக்கூடாது. இது இருக்கு பாரு."

முத்துக்கனி அந்த விரலைப் பார்த்தாள், சுருளைப் பார்த்தாள். நகம் அகலத்துக்குள் நாற்பது கோடுகள் இருந்தன. எது இருக்க வேண்டியது, எது இருக்கக்கூடாதது?

"எனக்கு என்னம்மா தெரியும்," என்றாள், கண்ணில் நீர் முட்ட. "எல்லாம் தலமுடி மாரி இருக்கு."

"போதும்," என்றார் திருமலைக்கொழுந்து. ஹில்டாவின் தோளைப் பிடித்து, பக்குவமாக, முக்காலியிலிருந்து எழுப்பி, ஓரமாக நிறுத்தினார். "நீங்க ஓய்வெடுங்க மேடம். உங்களை யாரு வெளிய அனுப்புவா? இனிமே சுருளை நானே பாத்துக்கறேன். நீங்கதான் நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்களே."

முக்காலியில் அவர் உட்கார்ந்தார். வரிசை தானாகவே மறுபடி ஒழுங்குக்கு வந்தது.

"அடுத்தது யாரு? நீதானம்மா. ஊது."

முத்துக்கனி பையை வாங்கி ஊதினாள். பாதி மூச்சு பைக்கு வெளியே போனது. மறுபடி ஊதச் சொன்னார். அவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். ஈரம் நீக்கினார், சிமிழின் சூட்டைச் சரிபார்த்தார், விளக்கு நிலைக்கு வரும்வரை காத்திருந்தார். சுருள் நகர்ந்து வந்தது. ஹில்டா நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள். அவளுக்கு லென்ஸ் தேவையில்லை. 4117. 4118. நடுவில் வெள்ளைக் காகிதம், ஒரு தூசுகூட இல்லாமல்.

திருமலைக்கொழுந்து லென்ஸை வைத்துக் குனிந்தார். முன்பு பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தார்.

"இருக்கு," என்றார்.

"இல்லை!" ஹில்டா அலறினாள். "இல்லை, அங்க ஒண்ணுமே இல்லை, நான் பாக்கறேன், இல்லை!"

சிலர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள், இரக்கத்தோடு. பிறகு வரிசையில் முத்துக்கனிக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக, அவள் சேலை தங்கள்மேல் படாதபடி, ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள்.